தீவில் கேட்ட மோட்டார் சத்தம்

பேய், பிசாசு, காத்து கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். மோட்டார் ஓட்டிப் பிழைத்தவனுக்கு அந்தப் புத்திதான் வரும். வண்டி நடுவழியில் நின்றுவிட்டதா, பெட்ரோல் தீர்ந்திருக்கும், இல்லை பிளக்கில் கரி பிடித்திருக்கும், இல்லை எங்கேயோ தூசி அடைத்திருக்கும், முனி அடித்து எந்த வண்டியும் நின்றதில்லை. இதை முதலிலேயே ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொல்லி முடித்த பிறகு நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பீர்கள், அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். என் சொந்த அக்காவே அப்படித்தான் பார்த்தாள். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் கிழவனுக்கு வயதாகிவிட்டது என்று போங்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வருத்தப்பட வேண்டியதையெல்லாம் எப்போதோ வருத்தப்பட்டு முடித்தாயிற்று.

அது வெள்ளைக்காரன் காலம். ராயபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவில் எங்கள் துரை இருந்தார், துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய உத்தியோகம். ஏழுமலை என்கிற நான் அவருக்கு மோட்டார் டிரைவர். என் மனைவி பாக்கியம் அதே பங்களாவில் ஆயா. பாக்கியம் வேறு யாருமில்லை, என் அக்கா மகள்தான். பிறந்ததிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்டுப் பழகியவள், கல்யாணத்துக்கு அப்புறமும் மாமாதான். எங்களுக்குக் குழந்தை இல்லை. துரைக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது, ரோசி என்று பேர், நாங்கள் ரோசிப் பாப்பா என்போம். அந்தப் பாப்பா பாக்கியத்தின் இடுப்பிலேயே வளர்ந்தது. இங்கிலீஷைவிடத் தமிழ்தான் அதற்கு நன்றாக வரும், அதுவும் எப்பேர்ப்பட்ட தமிழ், "இன்னா ஆயா, சோறு ஆறிப்பூட்ச்சி" என்று அது சொல்லும்போது சமையல்காரர் முதல் தோட்டக்காரர் வரை சிரித்துச் சாவோம். துரைசானி அம்மாவும் சிரிப்பார், ஆனால் கொஞ்சம் முகம் வாடித்தான் சிரிப்பார். பெற்றவள் தூக்கினால் அழுகிற குழந்தை ஆயா தூக்கினால் அடங்கிவிட்டால் எந்தத் தாய்க்குத்தான் மனசு சுருங்காது?

துரைக்குக் கோல்ப் என்றால் உயிர். வளைந்த கோலால் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடித்து, அது போன இடத்துக்கு நடந்து போய், மறுபடியும் அடித்து, கடைசியில் ஒரு குழிக்குள் தள்ளுகிற விளையாட்டு அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டணத்தின் மறுகோடிக்கு அதற்காகவே போவார். அன்றைக்கு மட்டும் என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போவார், அதில் அவருக்கு ஒரு பெருமை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. வெயிலாக இருக்கிறதே என்று பாப்பாவுக்குத் தொப்பி எடுத்துவர பாக்கியம் உள்ளே போயிருக்கிறாள். பாப்பா அப்பாவுக்குக் கை காட்ட வெளியே ஓடி வந்து வண்டிக்குப் பின்னால் நின்றிருக்கிறது. நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் துரை பின்பக்கமாக எடுத்திருக்கிறார். அவ்வளவுதான், அதற்கு மேல் சொல்ல எனக்கு இன்றைக்கும் நா எழவில்லை. நான் சேதி தெரிந்து ஓடிவந்தபோது பாக்கியம் அந்தத் தொப்பியைக் கையில் பிடித்தபடி போர்ட்டிகோ தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். கூப்பிட்டேன், அவள் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு துரைசானி அம்மாவால் மோட்டார் சத்தத்தைத் தாங்க முடியாமல் போயிற்று. தெருவில் ஒரு லாரி போனால் போதும், காதைப் பொத்திக்கொண்டு தரையில் குந்திவிடுவார். ஜன்னல்களையெல்லாம் சாத்தி, இடுக்கில் துணி திணித்து வைத்தோம். ஆனால் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பங்களாவை வைத்துக்கொண்டு எந்தச் சத்தத்தைத் தடுப்பது? சீமைக்குப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொன்னார். பாப்பாவைப் புதைத்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். அந்த வண்டியையாவது விற்றுத் தொலைக்கும்படி நண்பர்கள் எல்லாரும் துரையிடம் சொன்னார்கள். அவர் விற்கவில்லை. தனக்குத்தானே தண்டனை மாதிரி தினமும் அதிலேயே ஆபீஸுக்குப் போய் வந்தார். ஆனால் ஸ்டியரிங்கை அவர் கை தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் நான்தான்.

இப்படி இருக்கும்போதுதான் யாரோ அவருக்கு அந்தத் தீவைப் பற்றிச் சொன்னார்கள். எண்ணூரில் கழிமுகத்தைப் படகில் தாண்டினால் அந்தப் பக்கம் ஒரு நீளமான மணல் தீவு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி, நடுவில் சவுக்கும் பனையும் தாழம்புதரும். வடக்கே தூரத்தில் சில மீனவர் குடிசைகள். எப்போதோ ஒரு வெள்ளைக்காரன் கட்டிப்போட்ட சின்ன பங்களா ஒன்று பாழடைந்து கிடந்தது. சாலை என்று ஒரு கோடுகூடக் கிடையாது. மோட்டாரை விடுங்கள், அந்த மணலில் மாட்டுவண்டி இறங்கினாலே அச்சு வரைக்கும் புதைந்துவிடும். கால் இருக்கிறவன் நடக்கலாம், அவ்வளவுதான். துரை அந்தப் பங்களாவைச் சீர்செய்து அம்மாவைக் கொண்டுபோய் வைத்தார். கூட பாக்கியம்.

சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், அம்மா அங்கே போன பிறகு தேறினார். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மணலில் நடந்தார், கிளிஞ்சல் பொறுக்கினார், பாக்கியத்திடம் தமிழ்ப் பேர் கேட்டுக் கேட்டு மீன் வாங்கினார். ஆனால் துரைக்கு அந்த வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. அவரும் அம்மாவும் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்த்து நான் கண்டதில்லை. வராமலும் இருக்க முடியவில்லை, வந்து உள்ளே இருக்கவும் முடியவில்லை. அதற்காகத்தான் தீவிலேயே கோல்ப் ஆட ஏற்பாடு செய்தார் என்று நான் நினைக்கிறேன். புதரை வெட்டி, தகரக் குவளைகளை மணலில் பதித்துக் குழியாக்கி, பக்கத்தில் மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி கட்டி வைத்தார். கொஞ்ச நாளில் அவருடைய நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் வர ஆரம்பித்தார்கள். கரையேறியதும் எல்லாரும் ஒரே பேச்சுத்தான், ஆகா, ஹாரன் இல்லை, புழுதி இல்லை, புகை இல்லை, சொர்க்கமென்றால் இதுதான் என்பார்கள். மோட்டாரில் ஏறி எண்ணூர் வரைக்கும் வந்து இறங்கிவிட்டு, மோட்டார் இல்லாத இடத்தைப் புகழ்வார்கள். எனக்கு மட்டும் அந்தத் தீவு பிடிக்கவில்லை. வண்டியை எண்ணூர்க் கரையில் மர நிழலில் விட்டுவிட்டு, கோல்ப் கோல்கள் வைத்த கனமான தோல் பையைத் தூக்கிக்கொண்டு துரை பின்னால் மணலில் அலைகிறவனுக்கு அது எங்கே சொர்க்கம்? அதைவிடப் பெரிய குறை, பாக்கியத்தை வாரத்துக்கு ஒருநாள்தான் பார்க்க முடிந்தது. வெள்ளைக்காரர்கள் சாப்பிட்டுச் சாய்வு நாற்காலியில் படுக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான், சமையல்கட்டுக்குப் பின்னால் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக உட்கார்ந்து பேசுகிற நேரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி உட்கார்ந்திருக்கும்போது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மாமா, மூஞ்சியெல்லாம் இப்டி கறுத்துப் பூட்டே? அந்தக் குச்சிப் பையைத் தூக்கிகினு வெயில்ல அலையணும்னு உன் தலையில எய்திகீதா?"

"வுடு. அடுத்த மாசம் உன்னை வூட்டுக்கு இட்டுகினு போறேன். துரையாண்ட சொல்லிட்டேன். வேற ஆயா பாத்துக்கறேன்னாரு."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு மணலைக் கிளறினாள்.

"அம்மாவ எப்டி மாமா வுட்டுட்டு வர்றது? அதுங்கூட நான் இல்லன்னா அது இன்னா ஆவும்?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. இங்க வண்டி சத்தம் கேக்குது மாமா" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன்.

"எண்ணூர்லேர்ந்து காத்துல வரும்டி."

"காத்தா? காத்தே இல்லாதப்ப கேக்குது. மொதல்ல அம்மாவுக்குத்தான் கேட்டுச்சு. பாவம், பித்துப் புடிச்சிருக்குன்னு நெனச்சேன். ரெண்டு நாளு கயிச்சு எனக்கும் கேட்டுச்சு. பட்டப் பகல்ல, அந்தச் சவுக்குத் தோப்புக்கு அந்தாண்ட. நம்ப வண்டி மாமா. நம்ப வண்டி சத்தம் எனக்குத் தெரியாதா? தெனம் பாப்பாவத் தூக்கிகினு வாசல்ல நின்னு கேட்ட சத்தம்."

"அம்மா இன்னா பண்ணுச்சு? குந்திகிச்சா?"

"அதான் மாமா எனக்குப் பயமாகீது. குந்தல. சிரிச்சுது."

அன்றைக்கே அவளைப் படகில் ஏற்றிக் கூட்டி வந்திருக்கலாம். வந்திருப்பாளா என்பது வேறு. அழுதிருப்பாள், அம்மாவை விட்டு வரமாட்டேன் என்றிருப்பாள். நான் ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. தனியாக இருக்கிற இரண்டு பெண்கள், ஒரே துக்கம், ஒருத்திக்குக் கேட்டது இன்னொருத்திக்குத் தொற்றியிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு துரையின் நண்பர்கள் யாரும் வரவில்லை. துரையும் நானும் மட்டும்தான். மாசி மாதம், பகல்வேளை, வானம் மூடிக் கிடந்தது, சவுக்குத் தோப்பில் ஒரு இலை அசையவில்லை, கடல்கூட எண்ணெய் ஊற்றினமாதிரி படிந்திருந்தது. எங்களைக் கொண்டுவந்து விட்ட படகுக்காரர் அந்தோணி வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா டைவரே, இன்னிக்கு வெளாட்டு சீக்கிரம் முடிச்சுக்கச் சொல்லு உன் துரைய. எனக்கு இந்தக் கம்முனு கீற கடலு புடிக்கல" என்றார். நான் எப்போதும்போல வண்டியை ஸ்டார்ட் செய்கிற இரும்புக் கைப்பிடியைக் கழற்றிக் கோல்ப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். கரையில் விளையாடுகிற பையன்கள் அதைத் திருகிவிடுவார்கள் என்று பயம். அந்தக் கைப்பிடி இல்லாமல் அந்த வண்டியை யாராலும் கிளப்ப முடியாது, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பை என் தோளில்தான் இருந்தது.

துரை தெற்குக் கோடியில் ஒரு குழியருகே குனிந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிவப்புத் துணிக் குச்சியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்போது கேட்டது.

எப்படிச் சொல்வது? தூரத்தில் கேட்கிற மாதிரி இல்லை, பங்களாவுக்குப் பின்னாலிருந்து தெளிவாகக் கேட்டது. முதலில் கைப்பிடியைத் திருகும்போது வருகிற முனகல், அப்புறம் ஒரு இருமல், அப்புறம் இஞ்சின் பிடித்துக்கொண்டு சீராக ஓடுகிற சத்தம். தினமும் நான் கிளப்பிய வண்டி, அதன் இருமல் எனக்குத் தெரியாதா? என் கை தானாகத் தோளிலிருந்த பைக்குள் போயிற்று. கைப்பிடி அங்கேயே இருந்தது, சில்லென்று.

துரையைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே இருந்தார், ஆனால் கண் பந்தில் இல்லை, பங்களாப் பக்கம் திரும்பியிருந்தது. அவருக்கும் கேட்டிருக்கிறது. கியர் மாறுகிற சத்தம் வந்தது, பின்பக்கமாகப் போகிற கியர். அந்தச் சத்தம் கேட்டதும் அவர் ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், மனிதன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கோலைப் போட்டுவிட்டுப் பங்களாவைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். நானும் ஓடினேன். மணல் காலைப் பிடித்து இழுக்கிறது, கனவில் ஓடுகிறமாதிரி இருக்கிறது, ஓட ஓட அந்தச் சத்தம் எங்களை விட்டு விலகிக் கழிப்பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அப்புறம் நின்றுவிட்டது. சன்னமாகத் தேய்ந்து போகவில்லை, யாரோ விரலால் விளக்கை அணைத்தமாதிரி சட்டென்று இல்லை.

பங்களாவில் யாரும் இல்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, பாக்கியம் அரிசியைக் களைந்து பக்கத்தில் வைத்திருந்தாள். பின்பக்கம் போனோம்.

மணலில் சக்கரத் தடம்.

நம்பமாட்டீர்கள், நானே பார்த்துக்கொண்டு நின்றும் நம்பவில்லை. எங்கிருந்தோ வந்த தடமில்லை அது. வெறும் மணலின் நடுவில் திடீரென்று ஆரம்பிக்கிறது, வண்டியை மேலிருந்து இறக்கி வைத்தமாதிரி. எங்கள் வண்டியின் மூன்று டயர் பழசு, வழுவழுத்துப் போனவை. இடதுபக்கம் பின்டயர் மட்டும் புதுசு, கட்டங்கட்டமாக வரிபோட்டது, நான்தான் மாட்டியிருந்தேன். அந்த வரி அப்படியே மணலில் பதிந்திருந்தது. துரையைப் பார்த்தேன். அவர் முழங்காலில் விழுந்துவிட்டார். இரண்டு கையாலும் அந்தத் தடத்தை அழிக்கிறார், அழித்துக்கொண்டே, "நான் ஓட்டவில்லை, ஏழுமலை, நீ பார்த்தாயே, நான் ஓட்டவில்லை" என்று இங்கிலீஷில் குழந்தை மாதிரி அழுகிறார்.

அவரை அப்படியே விட்டுவிட்டு நான் தடத்தோடு ஓடினேன். பக்கத்திலேயே இரண்டு ஜோடிக் காலடி. இரண்டும் வெறுங்கால், ஒன்று அம்மாவுடையது, நீளமான பாதம். இன்னொன்று பாக்கியத்தினுடையது. கொஞ்ச தூரம் போனதும் பாக்கியத்தின் காலடி சக்கரத் தடத்தை ஒட்டி வருகிறது, வண்டியின் முன்கதவு இருக்கவேண்டிய இடத்துக்கு நேராக நிற்கிறது, இரண்டு பாதமும் சேர்ந்து பதிந்திருக்கிறது, அதோடு சரி. அப்புறம் அவள் காலடி இல்லை. முன்னால் போகவும் இல்லை, பின்னால் திரும்பவும் இல்லை. சக்கரத் தடம் மட்டும் மேலே போகிறது, பின்னாலேயே அம்மாவின் காலடி ஓடுகிறது, விழுந்து எழுந்து ஓடியிருக்கிறது. நேராகக் கழியின் சேற்றுக்குள்.

அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அந்தோணி படகிலிருந்து குதித்து அவரைப் பிடித்திருந்தார். நான் இரண்டு பேரையும் தாண்டித் தண்ணீருக்குள் போனேன். பாக்கியம் பாக்கியம் என்று கத்தியது நினைவிருக்கிறது. சேறு கால்முட்டி வரைக்கும் இழுத்தது. அந்தோணிதான் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"யோவ், அங்க யாரும் இல்லய்யா! நான் படகுலருந்து பாத்துகினுதான் இருந்தேன். இந்தம்மா மட்டுந்தான் ஓடி வந்து தண்ணில எறங்குச்சு. உன் பொஞ்சாதி இங்க வரவே இல்ல."

வண்டியைப் பார்த்தாயா என்று கேட்டேன். எந்த வண்டி என்று திருப்பிக் கேட்டார். சத்தம் கேட்டதா என்றேன். ஒன்றும் கேட்கவில்லை என்றார். ஆனால் கூட்டிவந்து தடத்தைக் காட்டினபோது பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மீனவர்களெல்லாம் வந்தார்கள். கழி முழுக்க வலை போட்டு அரித்தார்கள், சவுக்குத் தோப்பு, தாழம்புதர், கடலோரம், ஒரு இடம் விடவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, மாசி மாதத்தில் அப்படி ஒரு மழை, தடமெல்லாம் கரைந்து போயிற்று. பாக்கியத்தின் ஒரு வளையல்கூடக் கிடைக்கவில்லை. எண்ணூர்க் கரைக்குத் திரும்பிப் போனபோது எங்கள் வண்டி விட்ட இடத்திலேயே நின்றிருந்தது. அம்மாவைக் காப்பாற்றப் போய் ஆயா கழியில் இழுபட்டு முகத்துவாரத்து வழியாகக் கடலுக்குப் போய்விட்டாள் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். துரை வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. திறந்து என்னவென்று சொல்வது?

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் எனக்கு மாமியார் மட்டுமில்லை, என்னைத் தூக்கி வளர்த்தவள். திருவொற்றியூரில் அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொணத்தப் பாத்தியா?"

"இல்லக்கா."

"அப்ப எம்பொண்ணு சாவல. எங்கியோ கீறா. நீ போய்த் தேடு. தேடாம இங்க வந்து கத சொல்லிகினு நிக்கிறியா?"

காரியம் செய்ய விடவில்லை அவள். விளக்கு ஏற்றவிடவில்லை. பாக்கியத்தின் புடவையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, சாகிற வரைக்கும் வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தாள். என்னை மன்னிக்காமலே போய்ச் சேர்ந்தாள். நான் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எப்படிச் செய்வேன், பெண்டாட்டி செத்துவிட்டாளா இருக்கிறாளா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாதே. வேலைக்குப் போகாத நாளெல்லாம் அந்தோணியின் படகில் ஏறித் தீவுக்குப் போய் மணலில் உட்கார்ந்திருப்பேன். சத்தம் கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடல் சத்தம்தான் கேட்கும். கோல்ப் குழிகளில் மணல் மூடிவிட்டது, பங்களாக் கூரை பிரிந்து விழுந்தது. மறுபடியும் ஒருதரம்கூட அந்தச் சத்தம் வரவில்லை. வந்திருந்தால் நானும் ஏறிப் போயிருப்பேன், அதுகூட எனக்கு வாய்க்கவில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, சரிதான், ஏதோ ஒரு பிரமை, சுழலில் போய்விட்டாள் என்று நீங்கள் சொல்லலாம். நானும் பாதி நாள் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது.

பாக்கியம் போன கொஞ்ச நாளிலேயே துரை ராஜினாமா செய்துவிட்டு அம்மாவோடு சீமைக்குக் கப்பல் ஏறினார். போகிற அன்று காலை, அம்மாவுக்கு ரிக்‌ஷா சொல்லட்டுமா என்று கேட்க நின்றேன். அம்மா தானாகவே படியிறங்கி வந்து, எங்கள் வண்டியின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். பாப்பா போன நாளிலிருந்து மோட்டார் பக்கமே வராதவர். துரை வெலவெலத்துப் போய், நான் முன்னாலேயே பெட்டிகளோடு போகிறேன் என்று வேறு வண்டியில் போய்விட்டார். நான் கைப்பிடியைத் திருகி இஞ்சினைக் கிளப்பினேன். அம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

கடற்கரைச் சாலையில் துறைமுகத்தைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், தெருவெல்லாம் மூட்டை வண்டியும் கூலிக்காரர்களும். பின்னாலிருந்து அம்மா இங்கிலீஷில் பேசினார். எனக்குக் கொஞ்சம் பட்லர் இங்கிலீஷ் உண்டு, அதனால் விளங்கியது.

"டிரைவர், நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். அந்த வண்டி எனக்காக வந்தது. பல நாளாக எனக்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே என் குழந்தை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ எனக்கு ஏன் நிறுத்தவில்லை?"

"நானா அம்மா?"

"நீதான் ஓட்டினாய். அதே காக்கிச் சட்டை, அதே தொப்பி. நான் பின்னாலேயே ஓடி வந்தேன், நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆயாவைப் பார்த்ததும் நிறுத்தினாய். ஆயா பயப்படவே இல்லை, உன்னைப் பார்த்ததும் சிரித்தாள். தமிழில் உன்னிடம் ஏதோ கேட்டாள். அதற்கு என்ன அர்த்தம்?"

சொல்லிவிட்டு அம்மா அந்தத் தமிழைச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் தமிழ் பேசினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், வார்த்தைக்கு வார்த்தை நாக்கு முட்டும். இது அப்படி இல்லை. முட்டாமல், இழுக்காமல், ராயபுரத்துத் தெருவில் பிறந்து வளர்ந்த நாக்கு பேசினது மாதிரி, என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில், என் பாக்கியத்தின் குரலிலேயே கேட்டது.

"இன்னா மாமா, இந்த மண்ணுல வண்டிய எப்டி இட்டாந்தே?"

நான் வண்டியை நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் என்னைத் திட்டிக்கொண்டே விலகிப் போனான். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. பார்த்தால் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று பயமா, இல்லை அம்மாதான் உட்கார்ந்திருப்பார் என்று பயமா, இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்னால் பார்த்தபடியே, "அதற்கு அவன் என்ன பதில் சொன்னான் அம்மா?" என்று கேட்டேன்.

"நீதானே சொன்னாய்," என்றார் அம்மா. இப்போது அவருடைய சொந்தக் குரல், களைத்துப்போன குரல். "மெதுவாகச் சொன்னாய், எனக்குக் கேட்கவில்லை. அதைக் கேட்டதும் ஆயாவின் சிரிப்பு நின்றுவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் கதவைத் திறந்து உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்."

துறைமுகத்தில் அவரை இறக்கிவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். வண்டியை அங்கேயே வாசலில் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன், அதற்குப் பிறகு எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் நான் தொட்டதில்லை.

எத்தனை வருஷம் ஆகிவிட்டது. பாக்கியத்தை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். எதைச் சொன்னால் சிரிப்பாள், எதைச் சொன்னால் கோபிப்பாள், எல்லாம் தெரியும். படுத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிப் பார்க்கிறேன். பாப்பா கூப்பிடுகிறது என்று சொல்லியிருப்பேனா, வா வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருப்பேனா, நான் செத்துவிட்டேன் என்று சொல்லியிருப்பேனா. எதற்கு அவள் அப்படி அழுவாள், எதற்கு அப்படி அழுதுகொண்டே ஏறுவாள்? என் வாயிலிருந்து வந்த வார்த்தையாம் அது. எனக்கு மட்டும் அது என்னவென்று தெரியவில்லை.